மேலுக்கு முடியலை என்று சொல்லும் பிள்ளைகள்

செமஸ்டர்த் தேர்வு நெருங்கும் ஏப்ரலிலும் நவம்பரிலும் மதுரைக் கல்லூரி விடுதிகளில் ஒரே மாதிரியான பேச்சைக் கேட்கலாம். "மண்டை இடிக்குது", "குறுக்கு வலி தாங்க முடியலை", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "மேலுக்கு முடியலை, மேடம்." ஒரு மாத்திரை கிடைக்கும். இரண்டு நாளில் வலி திரும்பி வரும். ஊருக்குப் போய் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். எல்லாம் நார்மல் என்று வரும். அதற்குப் பிறகு வீட்டிலும் வகுப்பிலும் விழுகிற சொல்தான் வலியைவிடக் கொடுமையானது: "ஒண்ணுமில்லை, சும்மா நடிக்கிறா."

அது நடிப்பில்லை. சோதனையில் தெரியாத வலியும் வலிதான். அதற்குப் பின்னால் மனத்துயரம் இருந்தாலும் வலிப்பது உண்மையான கழுத்தும் உண்மையான வயிறும்தான். அதேபோல, "உன் மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்பது அந்த வலியைப் பொய் என்று சொல்வதாகாது.

மனசும் உடம்பும் ஒரே பாதையில்

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலியை உடல் உணர்வும் மன உணர்ச்சியும் கலந்த அனுபவம் என்றே வரையறுக்கிறது. 2020-ல் அந்த வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது.

காரணம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் கிளம்பும் வலிச் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. மூளையும் சும்மா இருப்பதில்லை. அந்தச் செய்தியை மட்டுப்படுத்தும் கட்டளைகளைக் கீழே அனுப்புகிறது. அந்தக் கட்டளைகளைக் கொண்டுபோகும் வேதிப்பொருள்களில் செரட்டோனினும் நார்-அட்ரினலினும் முக்கியமானவை. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையவை என்று மருத்துவம் சொல்வதும் இவற்றைத்தான். மனம் துவளும்போது வலியைத் தணிக்கும் இந்த ஏற்பாடும் தளர்கிறது. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். நேற்றுவரை பொறுத்துக்கொள்ள முடிந்த கழுத்துப் பிடிப்பு இன்று பொறுக்க முடியாததாகிறது. பயத்தில் தோளும் தாடையும் நாள் முழுக்க இறுகிக் கிடப்பதால் தசையே வலிக்கத் தொடங்குகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை மனத்தைக் கெடுக்கிறது, மனம் மறுபடி வலியைக் கூட்டுகிறது.

இது மதுரைக்கு மட்டும் உரியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் ஆய்வு 14 நாடுகளில் நடந்தது. நம் பக்கத்துப் பெங்களூரும் அதில் ஓர் இடம். பொது மருத்துவரிடம் வந்தவர்களில் கடும் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்ட 1,146 பேரை அது ஆராய்ந்தது. 1999-ல் வெளியான முடிவின்படி, அவர்களில் 69 சதவீதம் பேர் மருத்துவரிடம் வந்த காரணமாகச் சொன்னது உடல் தொந்தரவுகளை மட்டுமே. ஆனால் நேருக்கு நேர் கேட்டபோதும் மனத்தில் ஒன்றுமில்லை என்று மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். கேட்டால் பெரும்பாலோர் சொல்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

படிப்பு நின்றுவிடும் என்ற பயம்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, செக்கானூரணி தாண்டி நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமோ மதுரைக்குள்ளோ படிக்க வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இப்படி வருகிறவர்கள் பலர். வீட்டின் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறாள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். அதை வீட்டில் சொல்லவில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதால் சாப்பாடு இல்லை. வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில் அது ஒன்றே தலைவலிக்குப் போதும்.

"மனசு சரியில்லைம்மா" என்று அவள் சொன்னால் என்ன ஆகும்? அன்போடு அணைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. "இதுக்குத்தான் படிக்க அனுப்ப வேணாம்னு சொன்னேன்" என்று தொடங்கி மாப்பிள்ளை பார்க்கிற வீடுகளும் உண்டு. மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடும் வீடுகளும் உண்டு. இது அவளுக்குத் தெரியும். தலைவலி என்றால் யாரும் படிப்பை நிறுத்த மாட்டார்கள். அவள் திட்டமிட்டுப் பொய் சொல்வதில்லை. சொல்ல அனுமதி உள்ள துயரத்தை மட்டும் சொல்கிறாள்.

ஆண் பிள்ளைகளுக்கு அந்த அனுமதியும் குறைவு. அழுதால் கேலி. அப்பா வாங்கிய கடன், வளாக நேர்காணலில் பெயர் வராதது, உடன் படித்தவன் சென்னைக்கு வேலைக்குப் போனது எல்லாம் முதுகுவலியாகவும் நெஞ்செரிச்சலாகவும் வந்து உட்காருகின்றன. சிலர் அதைக் குடியில் கரைக்கப் பார்க்கிறார்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. எண்ணிக்கை அதிகமான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்

இளம் வயது, தேர்வு நேரம் என்பதற்காக எல்லா வலியையும் மன அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறுதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அசதி, தலைவலி, படபடப்பு மூன்றையும் ரத்தசோகையே உண்டாக்கும். தைராய்டு குறைபாட்டால் உடம்பு வலியும் மனச்சோர்வும் சேர்ந்தே வரலாம். மாதவிடாய் வலியால் மாதாமாதம் வகுப்புக்குப் போக முடியவில்லை என்றால், "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று ஒதுக்காமல் மகளிர் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதுகுவலியில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி; காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கும்; படுத்திருந்தால் கூடும், நடமாடினால் குறையும். இது தண்டுவட மூட்டழற்சியாக இருக்கலாம். பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே போகும் நோய் இது. மூட்டு வாத நிபுணரைப் பார்க்க வேண்டும்.

திடீரென்று வெடிப்பதுபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், கை கால் பலவீனம், முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு, ஓடினால் வருகிற நெஞ்சுவலி: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாத்திரையே தலைவலி ஆகும்போது

மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரை விடுதி வாழ்க்கையின் பகுதியாகிவிட்டது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையாலேயே தலைவலி நிலைத்துவிடலாம். பல மருந்து கலந்த மாத்திரைக்கு மாதம் 10 நாளே போதும். வெறும் வயிற்றில் போடும் டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கும்.

இதற்கு நேர்மாறாக, உண்மையில் உதவக்கூடிய மருந்தைப் பாதியில் விடுவதும் நடக்கிறது. நாள்பட்ட தலைவலிக்கு மருத்துவர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார். பெற்றோர் கைப்பேசியில் தேடிப் பார்த்து, "இது மனநோய் மாத்திரை" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். வலியைத் தணிக்கும் நரம்புப் பாதையும் மனச்சோர்வும் ஒரே வேதிப்பொருள்களோடு தொடர்புடையவை என்பதால்தான் ஒரே மருந்து இரண்டுக்கும் பயன்படுகிறது. பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

மருந்தோடு அன்றாட நடை, ஒரே நேரத்துத் தூக்கம், பயத்தைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை மூன்றும் வலியையும் மனச்சோர்வையும் சேர்த்தே குறைக்கின்றன.

அருகில் இருப்பவர் கேட்க வேண்டியது

"ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டலையா?" "அடிக்கடி சோர்ந்து, எல்லாம் போச்சுன்னு தோணுதா?" இந்த இரண்டையும் மருத்துவர்களே முதல் சல்லடையாகப் பயன்படுத்துகிறார்கள். விடுதிக் காப்பாளரும் கேட்கலாம், அறைத் தோழியும் கேட்கலாம். இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தால் அடுத்த கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள்: "உயிரோட இருக்க வேணாம்னு நினைச்சியா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனத்தில் இருப்பது வெளியே வர ஒரு வாசல் கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் உதவிக்கு அழையுங்கள்.

மதுரையில் எங்கே போவது

நாமெல்லாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். பொது மருத்துவமும் நரம்பியலும் அங்கேயே இருப்பதால் வலியையும் மனத்தையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும். மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில் இயங்குகிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது: 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழில்.

கல்லூரிகளுக்கும் இப்போது கடமை இருக்கிறது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. ஆள் நியமித்தால் மட்டும் போதாது. ஆலோசகர் அறையின் கதவு முதல்வர் அலுவலகத்துக்கு எதிரே இருந்தால் எந்த மாணவியும் அதைத் தட்ட மாட்டாள். மருத்துவ அறையை ஒட்டி வையுங்கள். தலைவலி என்று வருகிறவர் அப்படியே உள்ளே போய் உட்கார முடியும்.

முதல் முறை போகிறவர்கள் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், மாதத்தில் எத்தனை மாத்திரை, மாதவிடாய் நாள்கள், மனத்தை அரிக்கும் விஷயம் எது. நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் காக்க வேண்டிய கடமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தருபவர்மீது வைத்திருக்கிறது. 18 வயது நிறைந்தவர் தனியாகவே போகலாம். துணைக்கு ஒரு தோழியையோ தோழனையோ கூட்டிக்கொண்டு போனால் காத்திருக்கும் நேரம் சுலபமாகக் கழியும்.