கரிசல் தடம் – 12: கரண்ட் இல்லாத ரூம்

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில், மருந்து செலுத்தும் ரூம்களுக்குள் கரண்ட் கிடையாது. காசில்லாமல் அல்ல, பாதுகாப்பு விதி அப்படி. வயர், சுவிட்ச், பல்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு, மேலுக்குப் பருத்தித் துணி. செல்போன் கேட்டிலேயே நின்றுவிடும். வெயில் ஏறுமுன் மருந்து கலந்து, பொழுது சாயுமுன் மிச்சமில்லாமல் தீர்த்துவிட வேண்டும். கலந்த மருந்து ராத்தங்கினால் தானாகவே சூடேறும்.

வெளியே நிலவரம் வேறு. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. நிதி ஆயோக் போடும் மதிப்பெண்ணில் மருத்துவத்துக்கு 30, கல்விக்கு 30. சாலை, மின்சாரம், இணையம், குடிநீர், கழிப்பறை, வீடு எல்லாம் சேர்ந்து வெறும் 10. அந்த 10-ல் இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பெரிய குறை சொல்ல முடியாது. 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரில் வென்ற காமராஜர் முதல்வராக இருந்த காலத்திலேயே தமிழகக் கிராமங்களுக்கு மின்கம்பம் வேகமாக நடப்பட்டது. வீட்டுக்கு வீடு இணைப்பு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கணக்கில் எல்லாம் சரி.

அந்தக் கணக்கில் வராத இடங்கள் இரண்டு. ஒன்று, வீட்டுக்குள்.

கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. சாயங்காலம் ஆலை கேட்டைச் சாத்திவிடுவார்கள். வட்டிக்காரன் அப்படிச் சாத்திவிட்டுப் போவதில்லை. அதனால் மிச்ச வேலை வீட்டுக்கு வருகிறது. வெறும் காகிதக் குழாய் சுற்றுகிறவரை பயமில்லை. திரியும் மருந்தும் வீடேறும்போதுதான் வினை. ரூமுக்குள் விதி விரட்டியடித்த அதே பல்பு இங்கே தலைக்கு மேல் எரிகிறது. பக்கத்தில் சுவிட்ச் போர்டு, கேஸ் அடுப்பு, விளையாடும் பிள்ளை. 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே, திருட்டுத்தனமாகப் பட்டாசு தயாரித்த வீடு வெடித்துக் குழந்தை உட்பட உயிர்கள் போயின. ‘பேராசை’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவோர் உண்டு. வருமானக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இன்னொன்று, பாதை. ஆலை ஊரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும், ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி வேண்டும். அதனால் ஆலைகள் கரிசல் காட்டுக்குள் போய்விட்டன. தார்ச்சாலை ஊர் வரை வருகிறது. ஆலைக்கு அங்கிருந்து பல இடங்களில் வண்டிப்பாதைதான். கோடையில் வேன் ஓடும். ஐப்பசி மழை இறங்கினால் டயரில் அப்பும் கரிசல் மண், டூவீலரைக்கூட நகரவிடாது. சரக்கு எடுக்க வருகிற லாரி நாளைக்கு வரலாம். தீயணைப்பு வண்டியும் 108-ம் அப்படிக் காத்திருக்க முடியுமா? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய வெளியாட்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேல். தீக்காயத்துக்குச் சிவகாசி, நிலை மோசமானால் மதுரை. சாத்தூரைத் தொட்டுவிட்டால் நான்குவழிச் சாலை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதுவரை வந்து சேருவதுதான் பாடு.

இணையத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது வந்துவிட்டது. ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்ட பிறகும், தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் பறக்கத்தான் செய்கிறது. வியாபாரத்துக்குக் கிடைத்த வழி ஆம்புலன்ஸுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் புகார்.

15 கிலோ வரை மருந்து கையாளும் சிறிய ஆலைகளுக்கு உரிமம் தருவது மாவட்ட நிர்வாகமே. அதைவிடப் பெரியவற்றுக்குச் சென்னையிலும் நாக்பூரிலும் உள்ள ஒன்றிய அரசின் வெடிபொருள் அலுவலகங்கள். யார் கையெழுத்துப் போட்டாலும், கேட்டிலிருந்து தார்ச்சாலை வரைக்குமான பாதையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போடட்டும். பாதை போடும் செலவை ஆலையும் ஊராட்சி ஒன்றியமும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்பாக, இந்த மழைக்காலத்தில் தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு வண்டியை ஒவ்வொரு ஆலை கேட் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள், ஆட்சியர் அவர்களே. வண்டி போகாத பாதைகளின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.