ஹெட்போன் வாங்கும்போது காசையும் காதையும் காப்பது எப்படி?

"13 மி.மீ. டிரைவர்", "60 மணி நேர பேட்டரி", "ப்ளூடூத் 5.3", "80 சதவீதத் தள்ளுபடி". ஹெட்போன் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பவை இவைதான். ஒரு பாட்டு அதில் எப்படிக் கேட்கும் என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. ஆனாலும் பலரும் இவற்றை ஒப்பிட்டுத்தான் வாங்குகிறார்கள். மூன்று மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டால், "ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு யார் அலைவது?" என்று டிராயரில் போட்டு மூடிவிடுகிறார்கள். இந்த இரண்டு பழக்கங்களும் மாற வேண்டும். நல்ல ஒலியை உங்கள் காதே கண்டுபிடித்துவிடும். பழுதான பொருளுக்குக் காசைத் திரும்பக் கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது.

பெட்டி சொல்வதும் மறைப்பதும்

டிரைவர் என்பது உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர். அது பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்பது பொதுவாக மனிதக் காது கேட்கும் எல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இது அச்சாகியிருக்கும். அந்த எல்லைக்குள் எந்த ஒலியைத் தூக்குகிறது, எதை அமுக்குகிறது என்பதில்தான் தரம் இருக்கிறது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ஏஎன்சி, இஎன்சி என்ற இரண்டு எழுத்துக் கூட்டங்கள். ஏஎன்சி இருந்தால் பஸ் இன்ஜின், ஏசி போன்ற தொடர் இரைச்சல் உங்கள் காதுக்குக் குறைவாகக் கேட்கும். இஎன்சி என்பது மைக்குக்கான வசதி. நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள சத்தம் குறையும்; உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று மட்டும் போட்டிருந்தால், இரண்டில் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

60 மணி நேரம் என்பது பெரும்பாலும் சார்ஜிங் கேஸின் பேட்டரியையும் சேர்த்த கணக்கு. ஏஎன்சியை அணைத்து, ஒலியைப் பாதியில் வைத்து எடுத்த அளவாகவும் இருக்கலாம். எல்டாக் என்ற உயர்தர ப்ளூடூத் கோடெக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்கும்முன் உங்கள் போனைப் பாருங்கள்; ஐபோனில் அது வேலை செய்யாது. ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வையும் தூறலும் தாங்கும் என்று பொருள், நீச்சல் குளத்துக்கு அது போதாது.

விலை கூடினால் ஒலி கூடுமா?

அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. 283 ஹெட்போன்களை அளந்து பார்த்ததில், அவற்றின் அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று அது சொன்னது. விலை ஏறும்போது கட்டுமானம், மெத்தையின் சொகுசு, ஏஎன்சி, பிராண்டின் பெயர் என்று பல சேர்கின்றன. ஒலியும் கூடவே ஏறும் என்ற உறுதி இல்லை. வயர் உள்ள மாடலில் பேட்டரியும் ப்ளூடூத் சிப்பும் கிடையாது. அதனால் குறைந்த பட்ஜெட்டில் ஒலிக்காகவே வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே லாபம். போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதால் சோதிக்கும் முறை

கடையில் போடும் டெமோ பாட்டு அந்த ஹெட்போனுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம். உங்கள் போனில், உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். மிருதங்கம் உள்ள பதிவு நல்ல உரைகல். தொப்பியின் ஆழ்ந்த நாதமும் வலந்தலையின் கூர்மையான தட்டலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாமே "தும் தும்" என்று ஒன்றாகக் குழைந்தால் பேஸை வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள். பத்து நிமிடம் அது கிளர்ச்சி தரும், ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும். பாடகரின் குரல் முன்னால் நிற்கிறதா, பின்னால் புதைகிறதா என்று கவனியுங்கள். "ச", "ஸ" வரும் இடங்களில் காது கூசினால் உச்ச ஒலி அதிகம்.

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பதை "இதுதான் நல்லது" என்று மூளை நம்பிவிடும். இயர்பட்ஸ் என்றால் கூடவே வரும் ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். முனை காதை அடைத்துப் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பேஸ் கேட்காது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதல் ஆபத்து சத்தம். 12 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பெரியவர்களுக்கு அது வகுத்திருக்கும் எல்லை, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10, 89-ல் வெறும் 5. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கழற்றிய பிறகும் காதில் "ங்" என்று ரீங்காரம் நீடித்தாலோ, பேச்சு மங்கிக் கேட்டாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காதை நன்றாக அடைக்கும் ஹெட்போனில் வெளிச்சத்தம் குறைவதால் ஒலியைக் கூட்ட வேண்டியிருக்காது. பொருத்தத்துக்குக் கொடுக்கும் காசு செவியையும் காப்பாற்றும்.

இரண்டாவது ஆபத்து சாலையும் தண்டவாளமும். ரோட்டையோ தண்டவாளத்தையோ கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது, போலிச் சரக்கு. பிரபல பிராண்டின் பெயரில் நம்ப முடியாத விலைக்கு வருபவற்றில் லித்தியம் பேட்டரியின் தரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. வயர்லெஸ் ஹெட்போன், இயர்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். "ஆர்" எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்க எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். "பிஐஎஸ் கேர்" செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். பேட்டரி உப்பினாலோ சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சுட்டாலோ உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

சட்டம் தரும் உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டின் கீழ் வரும்.

ஆன்லைனுக்கு 2020-ல் வந்த மின்வணிக விதிகள் உண்டு. பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாமலோ வந்தால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஏஎன்சி என்று விளம்பரம் செய்து இஎன்சியை அனுப்பினால் அதுவும் இதில் அடங்கும். தளத்தின் குறைதீர் அதிகாரி உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பேட்டரி வெடித்துக் காயம் ஏற்பட்டால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கவும் இச்சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

1. பில், வாரன்டி அட்டை, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வாங்கிய அன்றே சேமியுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.
2. பழுது தெரிந்ததும் மெயிலில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். போனில் பேசியது மட்டும் சாட்சியாகாது.
3. தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.
4. அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுங்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒருவருக்குச் சின்னத் தொகையாகத் தெரியலாம். அதே மாடலை வாங்கிய ஆயிரம் பேர் பேசாமல் இருந்தால், பழுதான சரக்கின் பேரில் 15 லட்சம் ரூபாய் கம்பெனியிடம் தங்கிவிடுகிறது. மோசமான பொருள் தொடர்ந்து சந்தைக்கு வருவது அந்த மௌனத்தால்தான். அடுத்த ஹெட்போனைக் காதால் கேட்டு, பதிவு எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்குங்கள். பழுதானால் தயங்காமல் 1915-ஐ அழையுங்கள்.