பாடசாலையோடு முடியாத ஆட்டம்

சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு நோக்கி பஸ்ஸில் போனால் மாரவில, வென்னப்புவ என்று வழிநெடுக தேவாலயங்களும் கன்னியர்மடப் பாடசாலைகளும் வரும். இலங்கையில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் வென்னப்புவ திருக்குடும்பக் கன்னியர்மடத்தின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கொழும்பு, கண்டிப் பாடசாலைகளுக்குச் சரிநிகராக நிற்கும் அணி அது. புத்தளம் மாவட்டத்துக் கரை என்றதும் உப்பும் கருவாடும் தென்னையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு அந்தப் பிள்ளைகளும் ஞாபகம் வருவார்கள்.

அன்று இந்தக் கரையில் பெண்பிள்ளை பெரியவளானதும் பந்து கையை விட்டுப் போய்விடும். உடப்புத் தமிழ் வீடு, கற்பிட்டி முஸ்லிம் வீடு, மாரவிலக் கத்தோலிக்க வீடு என்ற வித்தியாசம் இதில் பெரிதாக இருக்கவில்லை. காற்சட்டை போட்டுக்கொண்டு நாலுபேர் பார்க்க ஓடுவதா என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. வெளியுலகமும் பெரிதாக முந்திவிடவில்லை. பெண்கள் கூடைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கிற்குள் வந்ததே 1976இல், மொன்றியலில். பிரித்தானியர் ஆண்ட நாடுகளில் பெண்பிள்ளைகளுக்கென்று பரவியது வலைப்பந்தாட்டம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, எதிரணியை உரசக்கூடாது, அவரவர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடுகள் நிறைந்த ஆட்டம். ஆனாலும் அந்த வலைப்பந்துதான் நம் பெண்களுக்கு முதல் கதவைத் திறந்தது. அதற்கு நான் நன்றி சொல்வேன்.

யாழ்ப்பாணம் ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் அந்தக் கதவால் வந்தவர். ஆறடி பத்து அங்குல உயரம். ஊரார் கேலிசெய்யக்கூடிய அந்த உயரத்தையே தன் பலமாக்கி, போர் நடந்த காலத்திலேயே தேசிய வலைப்பந்து அணிக்குள் நுழைந்தார். 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு, அந்தத் தொடரில் வேறெந்த நாட்டு வீராங்கனையும் தொடாத எண்ணிக்கையை எட்டினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அவுஸ்திரேலியக் கழகங்களும் அவரை அழைத்தன.

ஆனாலும் தர்ஜினி வாழ்வை நடத்த உதவியது வங்கி வேலை. சென்னையின் அனிதா பால்துரைக்கு ரயில்வே வேலை. பத்தொன்பது வயதில் இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாகி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். ஆட்டம் புகழைத் தந்தது. சோறு போட்டது உத்தியோகம்.

இன்று இந்தக் கரையில் தாய்மாரே பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். 2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் மூவர் கூடைப்பந்தாட்டத்தில் இலங்கைப் பெண்கள் அணியும் இறங்கியது. இவை பெரிய மாற்றங்கள். ஆனால் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் என்ன? முப்படைகளில் ஒன்றில் சேர்ந்தாலோ, கொழும்பில் அணி வைத்திருக்கும் நிறுவனம் ஏதும் எடுத்தாலோ ஆட்டம் தொடரும். இல்லாவிட்டால் கல்யாணம், அல்லது வென்னப்புவப் பக்கத்துக்கே உரிய, வேலை தேடிப் போகும் இத்தாலிப் பயணம். பதினெட்டு வயதில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆட்டம் அப்படி நின்றுவிடாத இடமும் உண்டு. ஹங்கேரியில் சொப்ரோன் என்றொரு நகரம். ஒஸ்திரிய எல்லையோரம், அறுபதாயிரம் பேர் அளவில் வாழும் ஊர். அந்த ஊரின் பெண்கள் கூடைப்பந்துக் கழகம் 2022இல் ஐரோப்பிய லீக் கிண்ணத்தை வென்றது. அங்கே ஆடுகிற பெண்ணுக்கு ஆட்டமே தொழில். ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு. தலைநகரில் இருந்தால்தான் முடியும் என்ற சாட்டு அந்த ஊர் முன்னால் நிற்காது.

புத்தளத்தில் சீமெந்து ஆலை இருக்கிறது, பாலாவியில் உப்பளங்கள் இருக்கின்றன, நுரைச்சோலையில் மின் நிலையம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் நாலைந்து வீராங்கனைகளுக்கு வேலையும் மாலையில் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தால், இந்த மாவட்டத்திலேயே ஒரு பெண்கள் லீக் நடத்தலாம். உடப்பு, முந்தல், கற்பிட்டிப் பாடசாலைகளுக்குச் சீமெந்துத் தரையும் இரண்டு கூடைக் கம்பங்களும் போட்டுக் கொடுங்கள். பிரதேச சபை உறுப்பினர்களே, ஆலை முகாமையாளர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன்.