பனிமலைக்குப் போகும் முன் ஒரு பாடம்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்காம் மலைத்தொடர் உயரத்துக்குப் பேர்போனதல்ல. அதன் உயர்ந்த சிகரமான பென் மக்டூயி 1,309 மீட்டர்தான். கோடையில் குடும்பத்தோடு ஏறி இறங்கிவிடலாம். டிசம்பர் வந்துவிட்டால் கதையே வேறு. பக்கத்திலுள்ள கெய்ர்ன் காம் சிகரத்தில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 278 கி.மீ. வேகத்தில் காற்று வீசியது பதிவாகியிருக்கிறது.

1971 நவம்பரில் இந்த மலைத்தொடரின் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கி, எடின்பரோ பள்ளியொன்றின் மாணவர்கள் ஐந்து பேரும் பயிற்சியில் இருந்த உதவியாளர் ஒருவரும் இறந்துபோனார்கள். ஒதுங்குவதற்காக அவர்கள் தேடிப்போன கற்குடில் அதே மேட்டில்தான் இருந்தது. பனியில் அதை அடைய முடியவில்லை. பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வியை பிரிட்டன் தீவிரமாக எடுத்துக்கொள்ளக் காரணமான சம்பவங்களில் இது முக்கியமானது.

பிரிட்டனின் மலையேற்றச் சங்கங்கள் பல, குளிர்காலத்தில் புது உறுப்பினர்களைச் சிகரத்துக்கு அனுப்பும் முன் ஒரு பயிற்சிப் பயணம் கூட்டிப்போகின்றன. கெய்ர்ன்காம் மலைத்தொடருக்கு அருகிலுள்ள அவிமோர் ஊரில் தங்கி, மலையிலுள்ள பனிச்சறுக்கு மையத்தின் கார் நிறுத்தத்திலிருந்து நடந்து, கோரி அன் ட்ரெக்டா என்ற கிண்ண வடிவப் பள்ளத்தாக்கில் பயிற்சி எடுப்பது வழக்கம். அங்கே என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

காலையில் முதல் வேலை

பாடம் அறையிலேயே தொடங்கிவிடும். வானிலை அறிக்கைக்கு அடுத்து, ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவையின் அன்றைய அறிக்கையைப் படிக்கிறார்கள். அதில் அபாயம் ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல் ஆபத்து என்பதும் இருக்கும்.

காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி, தான் அடிக்காத மறுபக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அப்படிச் சேர்ந்த பனி இறுகிப் பாளமாகிறது. கீழே உள்ள அடுக்கோடு அது நன்றாக ஒட்டியிருக்காது. சரியாகப் பதிக்காத டைல்ஸ் போல, ஓரிடத்தில் மிதித்தால் மொத்தமாகப் பெயர்ந்து வரும். பாளச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் நடக்கின்றன. சிக்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவர்களோ வைத்த அடியால்தான் அதைக் கிளப்பிவிடுகிறார்கள். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். எனவே எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்பதைக் காலையிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

காலடியும் கிராம்பானும்

மலையில் முதல் பயிற்சி வெறும் நடை. விறைப்பான அடிப்பாகம் கொண்ட பூட்ஸின் முனையால் பனியை உதைத்துப் படி செதுக்கி ஏற வேண்டும். இறங்கும்போது குதிகாலை அழுத்தி ஊன்ற வேண்டும். ஐஸ் கோடாரி எப்போதும் மேட்டுப் பக்கத்துக் கையில் இருக்கும். வளைந்து வளைந்து ஏறும்போது, திரும்பும் ஒவ்வொரு முறையும் கை மாற்ற வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். களைப்பில் முதலில் மறந்துபோவது இதுதான்.

பனி இறுகிவிட்டால் பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முள்தட்டைக் கட்டுகிறார்கள். கால்களைச் சற்று அகட்டி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் முள் மறுகாலின் கால்சட்டையில் மாட்டித் தள்ளிவிடும். அடியில் உள்ள முட்கள் எல்லாம் பதியும்படி பாதத்தைத் தட்டையாக வைக்க வேண்டும். ஈரப்பனி முட்களுக்கிடையே உருண்டை பிடித்தால் பிடிமானம் போய்விடும். கோடாரித் தண்டால் தட்டி உதிர்க்க வேண்டும். சறுக்கலான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கிராம்பான் கட்டுவது ஆபத்து. அதற்கு முன், சமதளத்தில் நின்று கட்டிக்கொள்ள வேண்டும்.

கோடாரியால் நிறுத்துவது

எல்லோரும் ஆவலோடு காத்திருக்கும் பாடம் இது. ஹெல்மெட் போட்டு, கிராம்பானைக் கழற்றி, கீழே பாறையில்லாமல் சமமாக முடியும் சரிவாகப் பார்த்து வேண்டுமென்றே சறுக்குகிறார்கள். ஒரு கை கோடாரியின் தலையைப் பிடித்திருக்கும். அதன் அகன்ற அலகு காறை எலும்புக்குக் கீழுள்ள குழியில் அழுந்தியிருக்க வேண்டும். தண்டு மார்பின் குறுக்கே சாய்வாக இருக்கும். மறுகை அடிமுனையைப் பொத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் அது வயிற்றையோ தொடையையோ பதம்பார்த்துவிடும். முகத்தை அலகுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, குப்புறப் படுத்து, உடல் எடை முழுவதையும் கோடாரித் தலையின் கூர்முனைமேல் போட வேண்டும். பாதங்கள் மேலே தூக்கியிருக்க வேண்டும். நிஜமாக விழும்போது கிராம்பான் மாட்டிய காலை ஊன்றினால் முள் குத்தி உடலைப் புரட்டிவிடும்.

கால் முன்னாலும் தலை முன்னாலும், குப்புறவும் மல்லாந்தும் விழுந்து பழகுகிறார்கள். தலைகீழாகச் சறுக்கும்போது கோடாரியைப் பக்கவாட்டில் குத்தினால், அதை அச்சாகக் கொண்டு உடல் சுழன்று கால் கீழே வந்துவிடும். ஆனால் கெட்டிப் பனியில் ஓரிரு நொடியிலேயே வேகம் பிடித்துவிடும். பிறகு எந்தக் கோடாரியும் நிறுத்தாது. அதனால்தான், தடுமாறியவுடனே தண்டைப் பனிக்குள் ஆழமாகக் குத்திப் பற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிறார்கள்.

வழி தெரியாதபோது

மேகமும் பனியும் கலந்துவிட்டால் தரை எது, வானம் எது என்று தெரியாது. மலைமுகட்டில் காற்று கட்டிய பனிவிளிம்பு பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அது திண்ணிய தரை போலவே தோன்றும். அப்போது வரைபடம், திசைகாட்டி, காலடிக் கணக்கு மூன்றும்தான் துணை. ஒரு காலை மட்டும் எண்ணினால் 100 மீட்டருக்குச் சுமார் 60 முதல் 70 அடி வரும். முன்னால் ஒரு பனியுருண்டையை எறிந்து, அது உருள்கிறதா, நிற்கிறதா, கண்ணைவிட்டே மறைகிறதா என்று பார்த்து அடியெடுத்து வைப்பதும் உண்டு.

நேரக் கணக்குக்கு 1892இல் வில்லியம் நைஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஆழமான பனியில் இதைவிட அதிகமாகும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. அதனால் தலைவிளக்கு கட்டாயம். திரும்பும் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்கிறார்கள். சிக்கிக்கொண்டால் நான்கைந்து பேர் சேர்ந்து போர்த்திக்கொள்ளும் கூடாரத் துணி காற்றைத் தடுத்துக் குளிரைக் குறைக்கும். உதவி கேட்க விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும்.

இப்படியொரு பயணத்தில் சேர நினைப்பவர்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். பயிற்றுநருக்குக் குளிர்கால மலைத் தகுதிச் சான்று இருக்கிறதா? அவர் பொறுப்பில் எத்தனை பேர்? வானிலை மாறினால் மாற்று இடம் எது? முதல் தடவையே கோடாரியும் கிராம்பானும் விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். பருத்தி உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். அன்றைக்குச் சிகரம் தொடாமல் திரும்பச் சொன்னால் மறுபேச்சு பேசாமல் திரும்புங்கள். இந்தப் பயிற்சியில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் திறமையே அதுதான்.