வீட்டில் பொரித்த ஆமைக்குஞ்சு: முதல் 48 மணி நேரம்

பெங்களூரு மர்பி டவுன் மாதிரி நெருக்கமான குடியிருப்புகளில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப் ஒன்றில் ஆமை வளர்வது அரிதல்ல. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டால் எல்லோர் கண்ணும் ஓட்டின் மேல்தான் போகிறது. நடுவில் ஒரு தகடு கூடுதலாக இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஓடு மடங்கியிருந்தால் நோய் என்று பயந்து எண்ணெய் தடவுகிறார்கள். நிறம் வெளிறியிருந்தால் அபூர்வ வகை என்று வாட்ஸ்அப்பில் விலை பேசுகிறார்கள். இது எந்த இன ஆமை, இதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அலட்சியமான குடும்பங்கள் வழக்கில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

ஓட்டில் தெரியும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை கவலைப்படவோ காசு கொடுக்கவோ தகுந்தவை அல்ல. வழக்கமாக முதுகின் நடுவரிசையில் ஐந்து தகடுகளும் இரு பக்கமும் நான்கு நான்கு தகடுகளும் இருக்கும். முட்டை அடைபட்டிருந்த இடத்தின் சூடும் ஈரமும் மாறினால் ஒரு தகடு கூடலாம், குறையலாம், கோணலாகலாம். குஞ்சுக்கு அதனால் பெரும்பாலும் தொல்லையில்லை. முட்டைக்குள் சுருண்டு கிடந்ததால் விழுந்த மடிப்பு சில நாட்களில் நிமிர்ந்துவிடும். வாரங்கள் ஆகியும் ஓடு அழுத்தினால் குழைகிறது என்றால்தான் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதவில்லை என்று பொருள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். எண்ணெயை விட்டுவிட்டு, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓட்டை உற்றுப் பார்க்க வேண்டியது இனத்தை அறிவதற்காக. பச்சை ஓட்டில் மஞ்சள் கோடுகளும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமை. முதுகெலும்பு வாட்டில் கூரை முகடு போல எழும்பி, அதில் ஆரஞ்சு நிறக் கோடு ஓடினால் நம் நாட்டுக் கூரை ஆமை. குவிந்த மஞ்சள் ஓடு, கருந்திட்டுகள், விரலிடைச் சவ்வில்லாத தூண் மாதிரிக் கால்கள் என்றால் நட்சத்திர ஆமை. பொரித்த புதிதில் நட்சத்திர ஆமைக்கு நட்சத்திரம் முழுதாகத் தெரியாது. தகடு வளர வளரத்தான் கதிர்கள் பிரிந்து எண்ணிக்கை கூடும். இதைச் சாக்காக வைத்து, “இது நட்சத்திர ஆமை இல்லை, வேறு ஜாதி” என்று விற்பவரை நம்பாதீர்கள்.

நட்சத்திர ஆமையும் கூரை ஆமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நட்சத்திர ஆமை அங்கே ஏறியது 2022 திருத்தத்தால், அது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. “பத்து வருஷமாக வைத்திருக்கிறோம், யாரும் கேட்கவில்லையே” என்பது இனி செல்லாது. “காட்டில் பிடிக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே பொரித்தது” என்பதும் செல்லாது. சட்டத்தில் விலங்கு என்றால் அதன் குஞ்சும் முட்டையும் சேர்த்திதான். விதிக்குப் புறம்பாக அடைத்து வளர்த்து இனப்பெருக்கம் செய்த விலங்கு அரசுச் சொத்து. ஒரு வீட்டில் ஓர் ஆமை இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்பவர்களுக்கு 2015-இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தைச் சுற்றி மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக அது கணக்கிட்டது. வாங்கும் வீடுகள் இல்லாமல் அந்த வியாபாரம் இல்லை.

இனி செய்ய வேண்டியதைக் கவனமாகப் படியுங்கள். அரசுச் சொத்தான விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 39. கர்நாடக வனத்துறையின் உதவி எண் 1926. போனோடு நிறுத்திவிடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். குஞ்சுகள் எத்தனை, எந்த நாள் பொரித்தன, தாய் ஆமை எப்போது எப்படி வந்தது, இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதோடு முதுகும் அடிப்பக்கமும் தெரியும் புகைப்படங்களை இணையுங்கள். நகலில் கையெழுத்து, தேதி, முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். “இது ஃபாரெஸ்ட் கேஸ், அங்கே போங்கள்” என்று காவல் நிலையத்தில் கைகழுவினால், சட்டமே காவல் நிலையத்தைச் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள். பொதுமக்களை அலைக்கழிப்பதால்தான் ஆமைகள் இரவோடு இரவாக ஏரிக்குப் போகின்றன என்பதை அதிகாரிகள் எப்போது உணர்வார்களோ! அப்போதும் வாங்க மறுத்தால் மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள அரண்ய பவனுக்கு, தலைமை வனவிலங்குக் காப்பாளர் பெயரில் அதே நாளில் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னால் நம்மையே பிடிப்பார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் தானாக எழுதிக் கொடுத்தவர் கையில் தேதியிட்ட தாள் இருக்கும், சோதனையில் பிடிபட்டவர் கையில் எதுவும் இருக்காது. பல ஆண்டுகளாக வைத்திருந்து கெடு தாண்டியவர்கள் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். அதையே சாக்காக்கித் தள்ளிப்போடாதீர்கள்.

சிவப்புக் காது ஆமைக்கு முதல் அட்டவணைப் பிரச்சினை இல்லை. அதனாலேயே அல்சூர் ஏரியில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். விடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களில் அதுவும் ஒன்று, நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். வளர்க்க முடியாவிட்டால் 1926-இலேயே வழி கேளுங்கள். எந்த ஆமையானாலும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றியதால்தான் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. நட்சத்திர ஆமைக்குஞ்சை அதிகாரி வரும்வரை காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். ஏரியிலும் அதே கதிதான். ஏரியில் விடாதீர்கள்.