ஆயாவிடம் இன்னொரு பிள்ளை, சம்பளம்?

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள், கைக்குழந்தையைக் காப்பகத்து ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவது பழைய வழக்கம். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயாவுக்கு நாட்கூலி, தொட்டில் கூடினாலும் கூலி கூடாது.

போனஸும் கூலி உயர்வும் கேட்டு 2015 செப்டம்பரில் பெண்கள் மூணாறில் மறியல் செய்தபோது நாட்கூலி 232 ரூபாய். பின்னர் 301 ஆயிற்று. அளவுக்கு மேல் பறித்த கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு உண்டு. பிள்ளையை எந்தத் தராசில் நிறுப்பது?

பாலக்காடு, சித்தூர் பக்கத்து வீடுகளிலோ எல்லாம் வாய்ப்பேச்சுதான். மூத்த குழந்தைக்கென அமர்த்திய ஆயாவிடமே இளையதும் வந்து சேரும். "அவளும் நம் வீட்டு மனுஷிதானே" என்பார்கள். அந்தப் பட்டத்துக்குச் சம்பளம் கிடையாது போலும்! இரவில் எழுந்து பால் கலக்குவது, துணி அலசுவது, மூத்ததின் பொறாமையைச் சமாளிப்பது எல்லாம் அவள் தலையில். எவ்வளவு கூடுதல், இரவு வேலை உண்டா என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசித் தீர்ப்பது நல்லது. பிள்ளை பிறந்தபின் அவள் வாய் திறந்தால் பேராசைக்காரி என்று பெயர். திறக்காவிட்டால், ஒரு நாள் சொல்லாமலே ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறாள்.