கியர்பொக்ஸ் மாற்றித் தருவார்களா?

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை அறியாதவர் இலங்கையில் குறைவு. அதே ஊரில் லங்கா ஐஓசியின் மசகெண்ணெய் கலக்கும் ஆலையும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒட்டோ கியர் கார் வைத்திருப்பவருக்கோ மசகெண்ணெய்தான் முக்கியம். கியர்பொக்ஸின் ஆயுளும், பல வேளைகளில் வாரண்டியும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

கிளச் மிதிக்கும் காரில் கியர் எண்ணெய்க்கு வேலை குறைவு: பற்சக்கரங்கள் தேயாமல், சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒட்டோவில் எண்ணெய்தான் கியரை மாற்றும் கை. நம் வீதிகளில் ஓடும் ஜப்பான் கார்களில் பல சிவிடி வகை. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே, நூற்றுக்கணக்கான உருக்குத் துண்டுகளைக் கோத்த ஒரு பட்டி ஓடும். எண்ணெய் அழுத்தத்தில் கப்பிகள் விரிந்து ஒடுங்க, கியர் விகிதம் மாறும். உலோகம் தேயவும் கூடாது, பட்டி வழுக்கவும் கூடாது. அதற்கென்றே கலந்த எண்ணெய் இருக்க, மலிவு என்று சாதாரண ஒட்டோ கியர் எண்ணெயை (ஏடிஎஃப்) ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியைச் சுரண்டிவிடும். பிரியஸ், அக்குவா கார்களில் இந்தப் பட்டியே கிடையாது. அந்த வகையில் அவற்றின் சொந்தக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஒயில் பானைக் கழற்றினால் அடியில் சிறு காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மெல்லிசாகப் படிந்திருந்தால் வழமையான தேய்மானம். விரலில் நெருடும் மினுங்கல் துகள் என்றால் உள்ளே ஏதோ போய்விட்டது. வாரண்டி கேட்டுப் போனால் இதையும், ஸ்கானர் காட்டும் பிழைக் குறியீட்டையும், எண்ணெய் மாற்றிய பில்லையும்தான் பார்ப்பார்கள். சிலவேளை ஓட்டுநர் தலையிலேயே பழியைப் போடுவதும் உண்டு. பவர்ஷிஃப்ட் கியர்பொக்ஸ் பற்றி முறையிட்டவர்களிடம் அவர்கள் ஓட்டும் விதமே காரணம் என்று சொன்ன ஃபோர்ட் நிறுவனத்துக்கு, 2018இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 1 கோடி டொலர் தண்டம் விதித்தது.

இங்கே சிக்கல் வேறு. ஜப்பானில் டொயோட்டா இஞ்சின், கியர்பொக்ஸ் போன்றவற்றுக்குத் தரும் 5 ஆண்டு அல்லது 1 இலட்சம் கிலோமீற்றர் வாரண்டி, ரீகண்டிஷன் காரோடு கப்பலேறி வருவதில்லை. விற்றவர் எழுதித் தந்த காகிதம்தான் வாரண்டி. 2020இல் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியதால், பலரிடம் அந்தக் காகிதமும் எப்போதோ காலாவதி. காகிதம் உயிரோடிருந்து விற்றவர் கையை விரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள். கியர்பொக்ஸுக்கு அந்தக் கணக்கு தெரியுமா என்ன?

மாற்றித் தர ஒப்புக்கொண்டால், ஏஜென்ட்கள் பெரும்பாலும் திறந்து பழுது பார்ப்பதில்லை. முழுப் பெட்டியையே மாற்றுவார்கள். புதுப் பெட்டிக்குப் பொதுவாகக் கிடைப்பது காரின் மீதி வாரண்டிக் காலம்தான். பழைய பெட்டி அரைத்துப்போட்ட துகள்கள் ஒயில் கூலரில் தங்கியிருந்து புதியதையும் தின்றுவிடும். ஆகவே கூலரை மாற்றினார்களா, குறைந்தது கழுவினார்களா என்பதை ஜொப் கார்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டே காரை எடுங்கள்.